மின்சாரம் திரும்பி வரும்போது தானியங்கி வீடு என்ன செய்கிறது?

காவேரிப்பட்டினத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்த்தால், பச்சைப் பொத்தானுக்கும் சிவப்புப் பொத்தானுக்கும் அருகில் ‘ஆட்டோ’ என்று எழுதிய சிறிய கருவி ஒன்று பெரும்பாலும் பொருத்தப்பட்டிருக்கும். மும்முனை மின்சாரம் பகலில் சில மணி நேரம், இரவில் சில மணி நேரம் என்று முறை வைத்து விடப்பட்ட ஆண்டுகளில், நடுச்சாமத்தில் டார்ச் விளக்கோடு வரப்பில் நடந்துபோய்ப் பொத்தானை அழுத்தும் வேலையை மிச்சப்படுத்தியது அந்தக் கருவிதான். பிறகு அதற்குள் ஒரு சிம் கார்டும் சேர்ந்துகொண்டது. கட்டிலில் படுத்தபடியே ஒரு மிஸ்டு கால் கொடுத்து மோட்டாரைப் போடுகிறவர்கள் எங்கள் ஊரில் இன்று நிறையப் பேர். ‘ஸ்மார்ட் ஹோம்’ என்ற சொல் அடுக்குமாடி விளம்பரங்களில் ஏறுவதற்கு முன்பே, கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்துக்குத் தானியங்கி முறை தோட்டத்து வழியாக வந்து சேர்ந்துவிட்டது.

அந்த ஸ்டார்ட்டர் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். உள்ளே இருக்கும் காந்தச் சுருள், மின்சாரம் உள்ளவரைதான் தொடுமுனைகளைப் பிடித்து வைத்திருக்கும். மின்சாரம் போன கணமே விட்டுவிடும். மின்சாரம் திரும்பி வந்தாலும், யாராவது பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஒழிய மோட்டார் ஓடாது. வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு இது. மின்சாரம் இல்லாத நேரத்தில் ஒருவர் மோட்டாரில் கை வைத்துப் பழுது பார்த்துக்கொண்டிருக்கலாம். அதோடு, நேரடியாகத் தொடங்கும் மோட்டார் முதல் சில நொடிகளில் வழக்கத்தைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால், ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் கீழ் உள்ள எல்லா மோட்டார்களும் ஒரே நேரத்தில் கிளம்பினால் மின்னழுத்தம் சரிந்துவிடும். ‘ஆட்டோ’ கருவி இந்த இரண்டாவது சிக்கலை அறிந்தே உருவாக்கப்பட்டது. மின்சாரம் வந்தவுடன் அது பாய்வதில்லை. சிறிது நேரம் காத்திருந்து, மூன்று பேஸும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்து, அதற்குப் பிறகே மோட்டாரைப் போடுகிறது.

ஆறு ஆண்டுகளாக வீட்டுத் தானியங்கிக் கருவிகளை வாங்கியும் பிரித்தும் எழுதியும் பழகிவருகிறேன். எங்கள் மாவட்டத்தைப் போன்ற ஓர் இடத்தில் ஒரு கருவியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த ஸ்டார்ட்டர் பெட்டி என்றோ பதில் சொல்லிவிட்ட கேள்விதான்: மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் நீ என்ன செய்வாய்? எத்தனை கோடி நிறங்களைக் காட்டும், எத்தனை செயலிகளோடு சேரும் என்பதெல்லாம் அதற்குப் பின்னால் வர வேண்டியவை. மாங்காய் முற்றும் பருவத்தில் கோடைக் காற்று ஒரு கிளையை முறித்துக் கம்பியில் போட்டால் இரண்டு மூன்று மணி நேரம் மின்சாரம் போவது இங்கே வழக்கம். அது திரும்பி வரும் அந்த ஒரு நிமிடத்தில்தான் ஒரு தானியங்கி வீட்டின் உள்கட்டமைப்பு முழுவதும் வெளியே தெரிகிறது.

எந்தத் தானியங்கி முறையிலும் மூன்று உறுப்புகள் உண்டு. ஒன்று, நிலையை அறியும் உணரி. இன்னொன்று, விளக்கையோ மோட்டாரையோ இயக்கும் ரிலே. மூன்றாவது, முடிவெடுக்கும் இடம். முதல் இரண்டும் கண்ணுக்குத் தெரியும், பெட்டியின் மேல் அவற்றின் படமும் இருக்கும். மூன்றாவது எங்கே இருக்கிறது என்பதைப் பெட்டி சொல்லாது. நான் முதலில் வாங்கிய வைஃபை பிளக்கில் அது எங்கோ தொலைவில் ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. அதே அறையில் இருக்கும் செல்பேசியில் பொத்தானைத் தொட்டால், கட்டளை ரவுட்டர் வழியாக வெளியேறி, அந்தச் சர்வரை அடைந்து, அங்கிருந்து திரும்பி எங்கள் வீட்டுக்கே வந்து, ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் விளக்கைப் போடும். சாலையோரம் பள்ளம் தோண்டியவர்கள் ஃபைபர் கேபிளை அறுத்துவிட்ட மூன்று நாள்களில் அந்த பிளக்கைச் செல்பேசியால் தொடவே முடியவில்லை. இரவு 10 மணிக்கு விளக்கை அணைக்கும் அட்டவணையும் அந்தச் சர்வரில்தான் இருந்தது, அதுவும் நடக்கவில்லை.

கேபிள் அறுந்தால் சேர்த்துவிடலாம். சர்வரை நடத்தும் நிறுவனமே நின்றுவிட்டால் சேர்க்க ஒன்றும் இல்லை. வீட்டுக் கருவிகளை ஒன்றிணைக்கும் ரிவால்வ் என்ற மையக் கருவியின் நிறுவனத்தை 2014-இல் கூகுளின் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதத்தில் அதன் சர்வர் நிறுத்தப்பட்டபோது, பணம் கொடுத்து வாங்கியவர்களின் சுவரில் இருந்த கருவிகள் செயலற்றுப் போயின. வீட்டுத் தானியங்கிக் கருவிகளைச் செய்த இன்ஸ்டியான் நிறுவனம் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பு இல்லாமல் சர்வர்களை நிறுத்தியது. பின்னர் அதைப் பயன்படுத்திவந்தவர்களில் சிலரே சேர்ந்து அந்த நிறுவனத்தை வாங்கி மீட்டெடுக்க வேண்டியிருந்தது. முடிவெடுக்கும் இடம் வீட்டுக்கு வெளியே இருக்கும்வரை, நாம் வாங்குவது கருவியை அன்று, அதைப் பயன்படுத்தும் அனுமதியை மட்டும்தான் என்பதை இந்த இரண்டு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

ஆகவே நான் முடிவெடுக்கும் இடத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். அதற்கு நான் பயன்படுத்துவது ஹோம் அசிஸ்டன்ட் என்ற கட்டற்ற மென்பொருள். பௌலஸ் ஸ்கவுட்சன் என்பவர் 2013-இல் பைத்தான் மொழியில் எழுதத் தொடங்கிய இது, இன்று உலகெங்கும் உள்ள பங்களிப்பாளர்களால் வளர்க்கப்படுகிறது. 2024-இல் இதன் உரிமை ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு தனி நிறுவனம் விற்றுவிட்டோ மூடிவிட்டோ போகாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. ராஸ்ப்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியில்கூட இது ஓடும். ஒவ்வொரு தானியக்கமும் மூன்று பகுதிகளால் ஆனது: எது நடந்தால் தொடங்க வேண்டும், எந்த நிபந்தனை இருந்தால் மட்டும் தொடர வேண்டும், தொடர்ந்தால் என்ன செய்ய வேண்டும். ‘தொட்டியில் நீர்மட்டம் கால் பங்குக்குக் கீழே போனால்; நேரம் காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இடையில் இருந்தால்; மோட்டாரைப் போடு’ என்பது ஒரு முழுத் தானியக்கம். இதை எழுதக் கணினிப் படிப்பு வேண்டியதில்லை, பொறுமை வேண்டும்.

ஆனால், மூளையை வீட்டுக்குள் கொண்டுவந்தவுடன் மின்வெட்டும் அதன் சிக்கலாகிவிடுகிறது. ராஸ்ப்பெரி பையின் நினைவகம் பொதுவாக ஒரு மெமரி கார்டு. ஹோம் அசிஸ்டன்ட் ஒவ்வோர் உணரியின் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு தரவுத்தளத்தில் இடைவிடாமல் எழுதிக்கொண்டே இருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால் அந்தத் தரவுத்தளம் சிதையக்கூடும். பலமுறை நடந்தால் கார்டே கெடக்கூடும். நான் இரண்டு கார்டுகளை இழந்த பிறகு எஸ்.எஸ்.டி.க்கு மாறினேன், கணினியையும் ரவுட்டரையும் வீட்டு யு.பி.எஸ். இணைப்புக்குக் கொண்டுவந்தேன். அப்படியும் மின்சாரம் போகும் ஒவ்வொரு முறையும் ரவுட்டர் அணைந்து எழுந்தது. நம் வீடுகளில் உள்ள இன்வெர்ட்டர் பலவற்றின் பின்புறம் ‘யு.பி.எஸ்.’, ‘நார்மல்’ என்று ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். ‘நார்மல்’ நிலையில் அது பேட்டரிக்கு மாற எடுத்துக்கொள்ளும் நேரம் விளக்குக்கும் விசிறிக்கும் தெரியாது, கணினிக்குத் தெரியும். அந்த சுவிட்சை மாற்றியதோடு என் சிக்கல் தீர்ந்தது. அது எனக்குத் தெரிய ஓராண்டு ஆயிற்று.

இன்னொரு சிக்கல் கடிகாரம். ராஸ்ப்பெரி பையின் ஐந்தாம் பதிப்புக்கு முந்தையவற்றில் மின்சாரம் இல்லாதபோதும் நேரத்தைக் காக்கும் கடிகாரம் கிடையாது. ஐந்தாம் பதிப்பிலும் அதற்குரிய பேட்டரியைத் தனியாக மாட்ட வேண்டும். எழுந்தவுடன் இணையத்தில் நேரம் கேட்டுத் தெரிந்துகொள்வதே அவற்றின் வழக்கம். யு.பி.எஸ். பேட்டரியும் தீர்ந்துபோகும் அளவுக்கு நீண்ட மின்வெட்டுக்குப் பின், இணையமும் வராத நிலையில், மணி என்ன என்று தெரியாத ஒரு கணினி அட்டவணைகளை நடத்தத் தொடங்கும். அந்திக்குப் போட வேண்டிய வாசல் விளக்கு நண்பகலில் எரிந்த காரணம் அதுதான். பொத்தான் பேட்டரியோடு வரும் டி.எஸ். 3231 என்ற கடிகாரப் பலகையை, மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. சாலையில் வாங்கிவந்து மாட்டினேன். கிருஷ்ணகிரியிலிருந்து பேருந்தில் சுமார் 90 கிலோமீட்டர்தான் என்பதால், என்னைப் போன்றவர்களுக்கு அந்தச் சாலை ஒரு சந்தையாகவும் பள்ளிக்கூடமாகவும் இருந்துவருகிறது.

இனி, விளக்கையும் மோட்டாரையும் இயக்கும் சிறு கருவிகளுக்கு வருகிறேன். ஷாங்காயின் எஸ்ப்ரெசிஃப் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட ஈ.எஸ்.பி. 8266 என்ற சில்லு, வைஃபையையும் சிறு கணினியையும் ஒன்றாகச் சேர்த்து சில நூறு ரூபாய்க்குள் கொடுத்தது. அதன் மீது டாஸ்மோட்டா, ஈ.எஸ்.பி.ஹோம் போன்ற கட்டற்ற மென்பொருள்களை ஏற்றினால், வெளி சர்வர் எதையும் நாடாத ரிலே ஒன்று கிடைக்கும். மின்சாரம் திரும்பியவுடன் இது இரண்டு மூன்று நொடிகளில் எழுந்துவிடும். ரவுட்டர் எழ ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். ஹோம் அசிஸ்டன்ட் எழ அதற்கும் மேலாகும். ஆக, யு.பி.எஸ். இல்லாத வீட்டில் அந்தச் சில நிமிடங்களுக்குக் கை எழுந்துவிட்டது, மூளை எழவில்லை என்ற நிலை. அந்த இடைவெளியில் ரிலே என்ன நிலையில் நிற்க வேண்டும் என்பதை நாம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். டாஸ்மோட்டாவில் இதற்கென்றே ஒரு கட்டளை உண்டு: 0 என்று வைத்தால் அணைந்தே எழும், 1 என்றால் எரிந்தபடி எழும், 3 என்றால் கடைசியாக இருந்த நிலைக்குத் திரும்பும். நாம் எதையும் சொல்லாவிட்டால் அது 3-ஐ எடுத்துக்கொள்ளும். ஃபிரிட்ஜுக்கு 1 பொருந்தும், படுக்கையறை விளக்குக்கு 3 பொருந்தும். மோட்டாருக்கு 0 தவிர வேறு எதையும் வைக்கக் கூடாது. கடைகளில் விற்கும் நிறம் மாறும் பல்புகள் பலவும், வேறு எதையும் அமைக்காவிட்டால், மின்சாரம் வந்தவுடன் முழு வெளிச்சத்தில் எரியும். பின்னிரவு 3 மணிக்கு வீட்டின் எல்லா அறைகளிலும் பகல் வந்ததுபோல் ஆகிவிடும்.

அமைப்பைச் சரியாக வைத்துவிட்டாலும் போதாது. ஈ.எஸ்.பி. 8266 எழும் கணத்தில், நம் நிரல் ஓடத் தொடங்கும் முன், ரிலே போன்றவற்றை இணைக்கும் அதன் சில முனைகள் தாமாகவே உயர் மின்னழுத்த நிலைக்குப் போய் இறங்கும். அத்தகைய ஒரு முனையில் ரிலேயை இணைத்திருந்தால் மின்சாரம் வரும்போதெல்லாம் அது ஒருமுறை ‘டக்’ என்று அடித்து ஓயும். விளக்கு என்றால் ஒரு மினுக்கு. மோட்டார் என்றால் அரை நொடி உதறல், ஒவ்வோர் உதறலும் சுருளுக்கு ஒரு சுமை. 4, 5 ஆகிய எண்கள் கொண்ட முனைகளுக்கு இந்தக் குணம் இல்லை. மலிவாகக் கிடைக்கும் நீல நிற ரிலே பலகைகளில் பலவும் முனை தாழ் மின்னழுத்த நிலைக்குப் போனால்தான் இயங்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு இணைக்க வேண்டும். ஈ.எஸ்.பி.ஹோமில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஹோம் அசிஸ்டன்ட் 15 நிமிடங்களுக்குத் தொடர்பு கொள்ளாவிட்டால், ஏதோ கோளாறு என்று கருதி அந்தக் கருவி தன்னைத்தானே அணைத்து எழுப்பிக்கொள்ளும். நல்லெண்ணத்தோடு வைக்கப்பட்ட விதி. ஆனால் கணினி பழுதாகி ஒரு நாள் முழுக்கக் கிடந்தால், மோட்டார் ரிலே கால் மணிக்கு ஒருமுறை எழுந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தைச் சுழியமாக மாற்றினால் விதி நீங்கும்.

என் வீட்டில் நடந்த மிகப் பெரிய தவறு இவற்றில் எதனாலும் அன்று. ஒரு செய்தியால் நடந்தது. கருவிகளுக்கும் ஹோம் அசிஸ்டன்ட்டுக்கும் இடையே செய்தி கொண்டுபோக எம்.க்யூ.டி.டி. என்ற நெறிமுறையைப் பயன்படுத்துகிறேன். ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லென் நிப்பர் என்ற இருவர், எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக 1999-இல் உருவாக்கியது அது. இணைப்பு அடிக்கடி அறுபடும், அலைவரிசை குறைவு என்ற சூழலை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்பட்டதால் நம் ஊருக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. நடுவில் ஒரு தரகர் நிரல் இருக்கும். அனுப்புகிறவர் அதனிடம் கொடுப்பார், வேண்டியவர் அதனிடமிருந்து பெறுவார். ஒரு செய்தியை ‘வைத்திரு’ என்ற குறிப்போடு அனுப்பினால், தரகர் அதைப் பத்திரப்படுத்தி, அப்போது இணைப்பில் இல்லாத கருவி எப்போது வந்தாலும் அதனிடம் கொடுத்துவிடும். வெப்பநிலை, நீர்மட்டம் போன்ற தகவல்களுக்கு இது மிக நல்ல ஏற்பாடு. நான் சோதனை செய்த ஒரு நாளில் ‘மோட்டாரைப் போடு’ என்ற கட்டளையையும் அதே குறிப்போடு அனுப்பி மறந்துவிட்டேன்.

சில வாரங்கள் கழித்து இரவு 2 மணிக்கு மேல் மின்சாரம் போய்த் திரும்பியது. ரிலே நான் சொல்லி வைத்தபடி அணைந்த நிலையில்தான் எழுந்தது, வைஃபையைப் பிடித்தது, தரகரிடம் போனது, தரகர், தான் பத்திரமாக வைத்திருந்த பழைய கட்டளையை அதன் கையில் கொடுத்தது. “கண்ணு, மோட்டார் ஓடுற சத்தம் கேக்குது, நீ போட்டியா?” என்று அம்மா வந்து எழுப்பியபோது மாடியிலிருந்து தண்ணீர் வழிந்து முற்றம் நனைந்திருந்தது. ஒவ்வொரு கருவியும் தனக்குச் சொல்லப்பட்டதைச் சரியாகச் செய்திருந்தது, பிழை முழுவதும் என்னுடையது. நிலையைச் சொல்லும் செய்தியை வைத்திருக்கலாம், செயலை ஏவும் செய்தியை ஒருபோதும் வைத்திருக்கக் கூடாது என்ற வேறுபாடு அன்றைக்குத்தான் எனக்கு முழுமையாக விளங்கியது.

கம்பியில்லா இணைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டின் பழைய பகுதி கருங்கல் சுவர்; முழங்கை நீளத் தடிமன். வைஃபை அலை இரண்டு சுவரைத் தாண்டும்போது நலிந்துவிடுகிறது. அங்கே ஜிக்பீ என்ற இன்னொரு கம்பியில்லாத் தொடர்பு முறை கைகொடுத்தது. ஐ.இ.இ.இ. 802.15.4 என்ற தரத்தின் மேல் கட்டப்பட்ட ஜிக்பீயும் வைஃபையைப் போல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் பேசுகிறது. ஆனால் சுவர் மின்சாரத்தில் இயங்கும் பெரும்பாலான ஜிக்பீ கருவிகளும் அடுத்ததன் செய்தியை வாங்கிக் கடத்தும் என்பதால், கதவு வழியாகவும் ஜன்னல் வழியாகவும் சுற்றி வளைத்துச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். இரண்டும் ஒரே அலைவரிசையில் இருப்பதால் தடம் பார்த்து வைப்பது அவசியம். வைஃபை 1-ஆம் தடத்தில் இருந்தால் ஜிக்பீயை 20 அல்லது 25-ஆம் தடத்தில் வைக்கலாம். 11, 12 என்று வைத்தால் இரண்டும் மோதும். கணினியை ஜிக்பீ கருவிகளோடு பேசவைக்கும் குச்சியைக் கணினியின் யு.எஸ்.பி. 3 துளையில் நேரடியாகச் செருகாமல் ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வைக்க வேண்டும், ஏனெனில் அந்தத் துளையிலிருந்து கசியும் இரைச்சல் இதே அலைவரிசையில் விழுகிறது.

மின்வெட்டின்போது இந்தச் சங்கிலி முறைக்கு ஒரு பலவீனம் வெளிப்படும். செய்தியைக் கடத்தும் கருவிகள் எல்லாம் சுவர் மின்சாரத்தில் இருப்பவை, ஆகவே அவை ஒன்றாக அணைந்துவிடும். பேட்டரியில் இயங்கும் கதவு உணரியும் வெப்ப உணரியும் விழித்திருக்கும், ஆனால் அவை யாரிடம் பேசிவந்தனவோ அந்தக் கருவி இருக்காது. அவை சிறிது நேரம் தேடிப் பார்க்கும். தேடுவதில் பேட்டரி கரையும். சில உணரிகள் வேறு வழியைக் கண்டுபிடிக்கும், சில பிடிவாதமாகப் பழைய வழிக்கே காத்திருந்து, நாம் போய்ப் பொத்தானை அழுத்தும்வரை திரும்ப வரவே வராது. யு.பி.எஸ். இணைப்பில் உள்ள ஒன்றிரண்டு சாக்கெட்டுகளில் ஜிக்பீ பிளக்கை மாட்டி வைப்பதே நான் கண்ட தீர்வு. மின்வெட்டிலும் சங்கிலியின் முதுகெலும்பு உயிரோடு இருக்கும்.

இதே பலவீனத்தை நாமும் தினமும் உண்டாக்குகிறோம். ஜிக்பீ பல்பை மாட்டிவிட்டுச் சுவர் சுவிட்சை அணைத்தால், அந்த பல்புக்கு அது ஒரு மின்வெட்டு. அறையைவிட்டு வெளியே வரும்போது சுவிட்சை அணைப்பது அம்மா வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடித்த நல்ல பழக்கம். நான் வாங்கிவந்த ஒரு பல்புக்காக அதை மாற்றிக்கொள்ளச் சொல்வது முறையன்று. ஆகவே பல்பில் வைத்த அறிவை எடுத்துச் சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் வைத்தேன்: பழைய சுவிட்ச் அப்படியே இருக்கும், அதன் பின்னால் தீப்பெட்டி அளவு ரிலே உட்கார்ந்திருக்கும், கையால் போட்டாலும் எரியும், நிரல் சொன்னாலும் எரியும். அதற்கு நியூட்ரல் கம்பி வேண்டும். நம் வீடுகளில் சாக்கெட் உள்ள போர்டில் நியூட்ரல் வந்திருக்கும். விளக்குக்கு மட்டும் என்று வைத்த பழைய போர்டில் பேஸ் மட்டுமே வந்து போகும். “தம்பி, இந்த போர்டுல நியூட்ரலே கெடையாது. இழுத்துத் தர்றேன், ஆனா செவுத்தக் கொத்தணும்” என்றார் எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன். கருங்கல் சுவரைக் கொத்துவதா என்று அந்த ஒரு போர்டை அப்படியே விட்டுவிட்டோம்.

நியூட்ரலைப் பற்றிப் பேசும்போது ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கம்பத்திலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ நியூட்ரல் அறுந்தால், ஒரு பேஸுக்கு உரிய 230 வோல்ட்டுக்குப் பதிலாக, சுமைக்கு ஏற்ப 400 வோல்ட் வரையிலும்கூட வீட்டுக்குள் வரக்கூடும். தெருவில் வரிசையாக டி.வி. புகைந்துபோகும் நாள்கள் அப்படிப்பட்டவை. போர்டுக்குள் வைக்கும் ரிலேயின் மின்வழங்கி பெரும்பாலும் 240 வோல்ட்டைச் சற்று ஒட்டிய அளவுக்கே செய்யப்பட்டது. ஆகவே எர்த் சரியாக இருப்பதையும், மின்கசிவு நேர்ந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தியிருப்பதையும், மின்னழுத்தம் எல்லை மீறினால் துண்டிக்கும் கருவி ஒன்று மெயினிலேயே இருப்பதையும் உறுதிசெய்த பிறகே இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்க வேண்டும். 230 வோல்ட்டில் கை வைக்கும் வேலைக்கு எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் உண்மையாகவே பயன்படும் தானியக்கம் எது என்று கேட்டால், தண்ணீர்த் தொட்டிதான். கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய இரு மாவட்டங்களின் நிலத்தடி நீரிலும் ஃபுளோரைடு அதிகம் என்பதால், ஜப்பானின் கடனுதவியோடு கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. அதனால் எங்களைப் போன்ற வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு: குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். போர் தண்ணீர் மேல் தொட்டியில்தான் என் உணரிகள் ஒன்றன் பின் ஒன்றாகத் தோற்றன. முதலில் வைத்தது நீரில் மூழ்கும் இரண்டு உலோகக் கம்பிகள். நேர் மின்னோட்டம் பாய்ந்ததில் ஒரு கம்பி அரித்துப்போயிற்று, மற்றதில் உப்பு வெள்ளையாகப் படிந்து நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. அடுத்து வைத்த மீயொலி உணரி தண்ணீரைத் தொடாமல் மேலிருந்து ஒலி அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடும். 20 சென்டிமீட்டருக்கும் குறைந்த தூரத்தை அதனால் அளக்க முடியாது என்பதால், தொட்டி நிரம்பும் கடைசிக் கட்டத்தில் அதன் எண்கள் நம்பத்தகாதவை. ஒலியின் வேகமும் வெப்பத்தோடு மாறும்: 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர், 40 டிகிரியில் ஏறத்தாழ 355 மீட்டர். ஏப்ரல் வெயிலில் கறுப்புத் தொட்டிக்குள் ஒரு மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பிழை வந்தது. ஒரு வெப்ப உணரியைச் சேர்த்து அதைத் திருத்தினேன். மூடியின் உள்பக்கம் திரளும் நீர்த்துளிகளுக்கு மட்டும் மருந்தில்லை, மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும்.

இப்போதைய ஏற்பாட்டில், எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்வது மட்டுமே மீயொலி உணரியின் வேலை. எப்போது நிறுத்த வேண்டும் என்பதற்குச் சாதாரண மிதவை சுவிட்ச் ஒன்று, மோட்டாரைப் போட்டு அணைக்கும் பெரிய காந்த சுவிட்சான கான்டாக்டரின் சுருளோடு தொடராக இணைக்கப்பட்டிருக்கிறது. தொட்டி நிரம்பினால் மிதவை உயர்ந்து சுருளின் மின்சாரத்தைத் துண்டிக்கும். ஹோம் அசிஸ்டன்ட், தரகர், என் பழைய கட்டளை என எது என்ன சொன்னாலும் மோட்டார் ஓடாது. சிறிய ரிலே மோட்டாரை நேரடியாகச் சுமப்பதில்லை, கான்டாக்டரை மட்டும் ஏவுகிறது. தொடக்க மின்னோட்டத்தைச் சுமக்க வைத்தால் அதன் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும், ஒட்டிக்கொண்ட ரிலேயை எந்த நிரலாலும் அணைக்க முடியாது. போரில் தண்ணீர் இறங்கி மோட்டார் வெறுமனே ஓடினால் அது இழுக்கும் மின்னோட்டம் குறையும். அதை அளந்து சில நொடிகளில் நிறுத்தும் விதியும், எக்காரணம் கொண்டும் 40 நிமிடத்துக்கு மேல் ஓடக் கூடாது என்ற விதியும் ரிலே கருவியின் உள்ளேயே எழுதப்பட்டுள்ளன. தீங்கு எங்கே நேரக்கூடுமோ, அதைத் தடுக்கும் முடிவு அதற்கு மிக அருகிலேயே இருக்க வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் மேட்டர் என்ற தரத்தைப் பற்றிக் கேட்பதுண்டு. அமேசான், ஆப்பிள், கூகுள் முதலியவை ஜிக்பீ கூட்டமைப்போடு 2019 டிசம்பரில் தொடங்கி, 2022 அக்டோபரில் முதல் பதிப்பாக வெளிவந்த பொதுத் தரம் அது. ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொன்றின் தளத்தோடு வீட்டு வலைப்பின்னலுக்குள்ளேயே பேச வேண்டும் என்பது அதன் அடிப்படை; அந்த அளவில் அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் மேட்டர் முத்திரை உள்ள பிளக்கானாலும், மின்சாரம் திரும்பியதும் எந்த நிலையில் எழ வேண்டும் என்பதை வாங்கியவுடன் நாமே பார்த்து அமைத்தாக வேண்டும்.

இந்த ஆண்டு மாங்காய்ப் பருவத்தில் அடித்த காற்றில் ஒரு மாலை இரண்டேகால் மணி நேரம் மின்சாரம் போனது. திரும்பி வந்தபோது நான் கையில் கடிகாரத்தோடு நின்றேன். கணினியும் ரவுட்டரும் அணையவே இல்லை. மூன்றாம் நொடியில் மோட்டார் ரிலே ஓசையின்றி எழுந்து அணைந்த நிலையில் நின்றது. பதினைந்தாம் நொடிக்குள் விளக்குகள் தத்தம் பழைய நிலைக்கு வந்தன. ஐந்து நிமிடம் காத்திருக்கச் சொல்லியிருந்தபடி, ஆறாம் நிமிடத்தில் நீர்மட்டத்தைப் பார்த்து மோட்டார் ஓடத் தொடங்கியது. மோட்டார் அறையில் உள்ள பேட்டரி வெப்ப உணரி மட்டும் மறுநாள் காலைவரை வலைப்பின்னலுக்குத் திரும்பவில்லை. அந்த அறைக்கு யு.பி.எஸ். கம்பி ஒன்று இழுத்து அங்கே ஒரு ஜிக்பீ பிளக்கை வைக்க வேண்டும். கம்பி மாமரங்களின் அடியில் இருபது மீட்டர் மண்ணுக்குள் போக வேண்டும். அறுவடை முடிந்ததும் வருவதாக எலக்ட்ரீஷியன் அண்ணன் சொல்லியிருக்கிறார்.